படுத்த எட்டு

லென்ஸ் தூரத்தைப் பிடிக்கவில்லை. கிட்டத்தில் இருப்பது தெளிவாக விழுகிறது. எதிர்வீட்டு கேட் விழுகிறது, கேட்டில் தொங்கும் பால் பை விழுகிறது, அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சி. வளையத்தைத் திருப்பினால் பதினைந்து மீட்டர் கோடு வரைக்கும் வெண்ணெய் மாதிரி வரும், அதைத் தாண்டி முப்பது, அதையும் தாண்டி படுத்த எட்டு ஒன்று போட்டிருப்பான் ஜப்பான்காரன், முடிவில்லாத தூரம் என்று அர்த்தம், அதுவரைக்கும் போகாது. நடுவிலேயே நற என்று நின்றுவிடும். நாலு மாதமாக நிற்கிறது. கோயமுத்தூரில் கேமராவைத் தொட்டுப் பிழைக்கிறவர்கள் என்று மூன்று பேரிடம் காட்டினேன். முதல் ஆள் லென்ஸைக் கையில் வாங்கவேயில்லை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சார், இதெல்லாம் எதுக்கு வெச்சுட்டு சிரமப்படறீங்க, போன்லயே நெலாவ எடுக்கலாம்" என்றான். நிலாவை யார் கேட்டார்கள். இரண்டாவது ஆள் இரண்டு மாதம் வைத்திருந்து முன்கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தான், கால் முறிந்தவனுக்குச் சவரம் செய்துவிட்ட மாதிரி. மூன்றாவது ஆள் கொஞ்சம் படித்தவன், அதனால் பொய்யும் கொஞ்சம் நீளம். உள்ளே பித்தளை தேய்ந்துவிட்டது, சென்னைக்கு அனுப்ப வேண்டும், அங்கேயும் உத்தரவாதம் இல்லை என்றான். திறந்து பார்த்தாயா என்றேன். திறக்காமலே தெரியும் சார், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்றான். பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு வருஷம் ஓவர்சியராக இருந்தவன் நான். மதகு கசிகிறது என்றால் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வோம், கரையில் நின்று காதை வைத்துச் சொன்னதில்லை. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக நானே திறக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் வாட்ச் திருப்புளி, சிறிய இடுக்கி, திருகாணிகளைப் போட ஒரு சாஸர். மணி இரண்டேகால். அடுப்படியில் அவள் துவரம்பருப்பு வறுக்கிறாள். புனேவுக்குப் போகிறதாம் பருப்புப் பொடி. ஞாயிற்றுக்கிழமை வண்டி. பம்ப் கம்பெனி மாப்பிள்ளையைப் புனே பிராஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள், மகள் சுகன்யாவும் பிள்ளையும் கூடப் போகிறார்கள். இதை என் முகம் பார்த்து யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு மத்தியானம் சாதம் போடும்போது குழம்புக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு, "நாளான்னைக்குப் போறாங்க, நாளைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேன்" என்றாள். போயிட்டு வந்தர்றேன். போயிட்டு வந்தர்றோம் இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த லென்ஸ் கீழே விழுந்த தடம். ஒரு நெளிசல், ஒரு கீறல், பித்தளையில் நகக்கண் அளவுக்கு ஒரு மடிப்பு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அவள் கையிலேயே கொடுத்தனுப்புவேன், கொண்டுபோய் உன் மாப்பிள்ளையிடம் காட்டு, போடவே இல்லைங்க மாமா என்று சாதித்தானே, காட்டு என்று. வால்பாறையில் பாறைமேல் போட்டிருப்பான். இருவாட்சிப் பறவை படம் எடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான், கம்பெனி ஆட்கள் இருபது பேரோடு. இருபது பேர் கத்துகிற இடத்துக்கு இருவாட்சி எங்கே வரும். பறவை பார்க்கத் தனியாகப் போக வேண்டும், வாயை மூடிக்கொண்டு போக வேண்டும், இது இரண்டும் அந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பொங்கல் முடிந்து திருப்பிக் கொடுத்தான். தோல் பையைத் துடைத்து, மூடியை மூடி, ரொம்ப நன்றிங்க மாமா என்று இரண்டு கையாலும் கொடுத்தான். அந்த மரியாதையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குற்றம் செய்தவன்தான் இரண்டு கையாலும் கொடுப்பான்.

முதல் திருகாணி வந்துவிட்டது. கொசுத் தலை அளவு. என் கை நடுங்கவில்லை. கொஞ்சம் நடுங்குகிறது, அது காலையில் குடித்த காப்பி. டாக்டர் வேறு பேர் சொல்கிறார், அந்த ஆளுக்கும் திறக்காமலே தெரிந்துவிடும். இரண்டாவது திருகாணி. பருப்பு வாசனை கூடத்துக்கு வருகிறது, மிளகும் சேர்ந்து வருகிறது, தும்மல் வந்தால் சாஸர் பறந்துவிடும், அடுப்படிக் கதவைச் சாத்து என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவள் வந்து எட்டிப் பார்ப்பாள். வேண்டாம். சுகன்யாவின் பிள்ளைக்குக் காதுகுத்து அன்றைக்கும் இதே மாதிரி வறுத்த வாசனைதான், காங்கயத்துப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் குலதெய்வக் கோயில், பந்தலுக்குப் பின்னால் கோட்டை அடுப்பு. என் தம்பி மகன் தாய்மாமன் ஸ்தானத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தான், மொட்டைத் தலையில் சந்தனம். நான் கூட்டத்தில் முண்டுகிற ஆள் இல்லை. எட்ட நின்று எடுப்பேன், அதற்குத்தான் இந்த லென்ஸ். அணைக்கு அக்கரையில் நின்று மதகு ஷட்டரின் திருகாணியைப் படம் எடுத்தவன். ஊசி காதுக்குப் போகிறது, நான் வளையத்தைத் திருப்புகிறேன், நற. திருப்புகிறேன், நற. பிள்ளை வீரிட்டு அழுகிறது, எனக்குத் தெரிவதெல்லாம் மஞ்சளாக ஒரு கஞ்சி, அதில் ஒரு வாய். சுற்றி நாற்பது போன், நாற்பது பேரும் எடுத்துவிட்டார்கள், இலையில் உப்பு வைக்கிறவன்கூட எடுத்துவிட்டான். நான் எடுக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளையே ஜாங்கிரி வைத்துக்கொண்டு வந்தான். "படம் எல்லாம் நல்லா வந்துதுங்களா மாமா?" கேட்டிருக்கக் கூடாது. நான் சத்தமாகச் சொல்லவில்லை. ஓவர்சியர் குரல் அது, மெதுவாகப் பேசினாலும் மூன்று பந்திக்குக் கேட்கும். "சாமானைக் கீழ போட்டு ஒடச்சுட்டு, வாயத் தொறக்காம கொண்டாந்து வெச்சுட்டுப் போற குடும்பத்துல பொண்ணக் குடுத்திருக்கறேன், படம் எப்படி வரும்?" குடும்பம் என்ற வார்த்தை வேண்டாம்தான். அவன் அப்பா அடுத்த இலையில் இருந்தார். சாம்பார் ஊற்றிய கையோடு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை ஒரே தரம் சொன்னான், "போடலைங்க மாமா." அவ்வளவுதான், ஜாங்கிரித் தட்டோடு நின்றான். சுகன்யாதான் வந்தாள். என்னைப் பார்க்காமல் அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், "இந்த மனுசன் தப்புன்னு சொல்ற வரைக்கும் நான் அந்த வாசல்படி மிதிக்கறதில்ல." சொன்னபடிதான் இருக்கிறாள். என் பிடிவாதம். வேறு எதுவும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது திருகாணி. வளையம் கழன்றது. உள்ளே பித்தளை, பழைய கிரீஸ், நாற்பது வருஷத்து வாசனை. நெளிசல் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். கீறல்கூட இல்லை. இல்லாமல் எப்படி இருக்கும். விழுந்த லென்ஸ், விழுந்துதான் இருக்க வேண்டும், விழாமல் நற என்று எதற்கு நிற்கிறது. பித்தளையைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறது, அதில் ஒரு சின்னத் தடுப்பு வண்டி மாதிரி ஓட வேண்டும், எட்டு வந்ததும் பள்ளத்தின் மூலையில் போய் இடித்து நிற்க வேண்டும். மூலைக்கு வரவில்லை. மூலையில் ஏதோ வெள்ளையாக இருக்கிறது. கிரீஸ் காய்ந்து வெளுத்திருக்கும். அவள் அன்றைக்கு என்னவோ சொன்னாள். அதை இப்போது எதற்கு நினைக்கிறேன். கிரீஸ்தான். இடுக்கியின் முனையால் நெம்பினேன், வரவில்லை, தடுப்பைக் கழற்றிவிட்டு நெம்பினேன், வந்தது, வேட்டிமேல் விழுந்தது. அரிசி. முழு அரிசிகூட இல்லை, நொய். உடைந்த பாதி, கிரீஸில் ஊறி ஒரு பக்கம் பழுப்பு.

வால்பாறை ஈரத்தில் போய் வந்த லென்ஸ், பூஞ்சை பிடிக்கும் என்று அரிசி டிரம்மில் போட்டது நான். நாற்பது நாள். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று அவளுக்கு ஒரு பாடமே நடத்தினேன். "ஒரு எவர்சில்வர் டப்பால போட்டு டப்பாவ உள்ள வெச்சா ஆகாதுங்களா?" என்றாள். டப்பாவுக்குள்ளே காற்று எப்படிப் போகும், அறிவிருக்கா என்றேன். அவளுடைய நைந்த சேலைத் துணியில் சுற்றி, நானே கையை முழங்கை வரை விட்டு, அரிசிக்கு அடியில் புதைத்தேன். காதுகுத்துக்கு முதல் நாள் எடுத்தேன். துணி விலகித்தான் இருந்தது. வளையம் நற என்றது. அப்போது அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள், இப்போது வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது, "அரிசி கிரிசி உள்ள போயிருக்குமுங்க." நான் சொன்னது, "லென்ஸப் பத்தி நீ சொல்லி நான் கேக்கோணுமா, போய்ச் சோத்த வடி." போய் வடித்தாள். ஆக அன்றைக்கே எனக்குத் தெரியும். இல்லை, தெரியாது. காதில் விழுந்ததெல்லாம் தெரிந்ததாக ஆகுமா. வால்பாறை என்று நான் முடிவு கட்டிவிட்டேன், முடிவு கட்டின பிறகு திறந்து பார்க்காமலே தெரியும் சார். அந்த மூன்றாவது கடைக்காரன் மூஞ்சி ஞாபகம் வருகிறது. இப்போது இந்த நொய் வேட்டிமேல் கிடக்கிறது, சாட்சிக் கூண்டில் ஏறின மாதிரி. கதவு திறந்திருக்கிறது, அவள் எந்த நிமிஷமும் வரலாம். கீழே தட்டினால் பெருக்கும்போது தெரியும், அவள் கண்ணுக்கு ஒரு நொய்யும் தப்பாது. சட்டைப் பையில் போட்டால் துவைக்கிறவள் அவள். எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கடித்தேன். கிரீஸும், வண்டுக்குப் போடுகிற போரிக் பவுடரும். விழுங்கிவிட்டேன். எழுபத்து மூன்று வயது. ஓவர்சியர். ஒரு நொய்யைத் திருடித் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிந்தது, யாருக்கும் தெரியாது. நான் மூடி வைத்துவிட்டு, பித்தளை தேய்ந்துபோச்சு, விட்டுத் தள்ளு என்று சொல்லலாம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறிவிடுவார்கள். பிள்ளை புனேயில் இந்தி பேசும். நான் போய்ச் சேர்ந்தால் விமானத்தில் வருவார்கள், சம்பிரதாயத்துக்கு, சுகன்யா வாசல்படியில் நிற்பாள், அப்போதும் மிதிக்க மாட்டாள், வெளியிலேயே நிற்பாள், என்னை அவளிடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சீ. என்ன யோசனை இது, மத்தியானம் மூன்று மணிக்கு.

மூடலாம் என்று எடுத்தால் லென்ஸ் இரண்டாகக் கையோடு வந்துவிட்டது. தடுப்பைக் கழற்றினேன் அல்லவா, நிற்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி முன்பாதி தனியாகப் பிரிந்துவிட்டது. மரை. எங்கே பிரிந்தது என்று அடையாளம் வைக்கவில்லை. குழாய் மரை என்றால் சுற்று ஏறத் தொடங்க ஒரு வாய்தான், எப்படி வைத்தாலும் ஏறும். இதற்குப் பல வாய். எந்த வாயில் ஏற்றினாலும் ஏறுகிறது, ஆனால் ஒன்றில்தான் சரியாக ஏறும். ஏற்றினேன், தடுப்பை மாட்டினேன், கேமராவில் பொருத்தி ஜன்னல் வழியாகக் கல்யாண மண்டபத்து மாடியில் நிற்கிற செல்போன் டவரைப் பார்த்தேன். கஞ்சி. கழற்றினேன். ஏற்றினேன். கஞ்சி, வேறு தினுசுக் கஞ்சி. எந்த வாயைப் பார்த்தாயிற்று, எதைப் பார்க்கவில்லை என்று மறந்துபோகிறது. அடையாளம் வைக்காமல் கழற்றினது கடைக்காரன் இல்லை, மாப்பிள்ளை இல்லை. பம்ப் கம்பெனியில் அவன் செய்வது மரை வேலைதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மரை போடுகிறான், மரை அளக்கிறான். ஊரில் இதை ஐந்து நிமிஷத்தில் ஏற்றக்கூடியவன் அவன் ஒருத்தன், அவனைத்தான் நான் மூன்று பந்திக்குக் கேட்கிற மாதிரி. ஏற்றினேன். கஞ்சி. கை நடுங்குகிறது, காப்பியெல்லாம் இல்லை. லென்ஸை வேட்டிமேல் வைத்தேன். கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன்.

"என்னங்க சத்தம்?" வந்துவிட்டாள். ஒரு கையில் பொடி அடைத்த பிளாஸ்டிக் பாட்டில், இன்னொரு கையில் அதன் மூடி. ஒன்றுமில்லை என்றேன். நின்று பார்த்தாள். "பிரிச்சுட்டீங்களா?" கண் இல்லையா, பிரித்துத்தான் கிடக்கிறது. "ஏறமாட்டீங்குதா?" ஏறுகிறது, ஏறித்தான் கெடுக்கிறது, உனக்குச் சொன்னால் விளங்காது, பல வாய் மரை என்றேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள். "இந்த மூடியும் அப்படித்தானுங்க. நேரா முறுக்குனா கோணலா ஏறிக்கும், பொடி நமத்துப் போயிரும். முன்னால முறுக்கக் கூடாது." என்னவோ செய்தாள். மூடியை வைத்துப் பின்பக்கமாகச் சுற்றினாள், மெதுவாக, டொக் என்று ஓர் இடத்தில் இறங்கியது, அங்கிருந்து முன்னால் முறுக்கினாள், ஏறிவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். கேட்காமல் லென்ஸை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் என் சாமானை அவள் தொட்டதில்லை, தொட விட்டதில்லை. இப்போதும் விடக்கூடாது. கிரீஸ், சேலையெல்லாம் ஆகும் என்றேன். "ஆவட்டும்." பின்பக்கமாகச் சுற்றினாள். டொக். அந்த இடத்தில் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை உரித்து ஒட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இன்னும் சுற்றினாள், டொக், கண்ணாடி அலமாரி ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிற பொட்டெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஆறு டொக், ஆறு பொட்டு. "வரிசையாப் பாக்கலாங்க. பாத்ததை உரிச்சரலாம், கொழம்பாது." முதல் பொட்டு, நான் டவரைப் பார்த்தேன், கஞ்சி, உரித்தாள். இரண்டாவது, கஞ்சி. மூன்றாவதில் கொஞ்சம் தேவலை மாதிரி இருந்தது, என் கண்ணுக்குத் தெரியவில்லை, கோபத்தில் தண்ணீர் கட்டியிருந்தது. "குடுங்க, நான் பாக்கறேன்." கேமராவைக் கண்ணில் வைத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், திருப்பிக் கொடுத்தேன். "இல்லீங்க, ரெண்டு ரெண்டாத் தெரியுது." உரித்தாள். நாலாவது பொட்டுக்கு ஏற்றி, நான் தடுப்பை மாட்டிக் கொடுத்தேன். வளையத்தை அவளே திருப்பினாள். படுத்த எட்டு வரைக்கும் போயிற்று, ஒரு சத்தமும் இல்லாமல் போய் நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை. என்ன, என்றேன். "டவர் மேல ரெண்டு காக்காயிங்க. ஒண்ணு இன்னொண்ணுக்குக் கழுத்தச் சொறிஞ்சு உடுது." பிடுங்கிப் பார்த்தேன். இறகு இறகாகத் தெரிந்தது. டவரின் துருப்பிடித்த போல்ட் தெரிந்தது, போல்ட்டின் மரை தெரிந்தது. அவள் எழுந்துவிட்டாள், பாட்டிலை எடுத்துக்கொண்டு. எதனால் நின்றது என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். விழுந்த தடம் இருந்ததா என்று கேட்பாள். கேட்டால் எரிந்து விழலாம், அதோடு முடியும். கேட்கவில்லை. வெறும் நெற்றியோடு அடுப்படிக்குப் போய்விட்டாள், மிளகாய்ப் பொடி இன்னும் அடைக்க வேண்டுமாம். கேட்காதவளிடம் எப்படிப் பொய் சொல்வது.

போனை எடுத்தேன். சுகன்யா எடுக்க மாட்டாள், மாப்பிள்ளைக்கே போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சர்ர் சத்தம்.

"மாமா? அத்தைக்கு ஏதாச்சுங்களா?"

நான் போன் செய்தால் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும். "லென்ஸ் சரியாயிருச்சு" என்றேன்.

"அப்படீங்களா. சந்தோசமுங்க மாமா."

சந்தோஷமாம். சந்தோஷப்பட என்ன இருக்கிறது இந்த ஆளுக்கு. "நீங்க கீழ போடலை" என்றேன். சர்ர் சத்தம் நின்றது. "உள்ள நொய்யரிசி இருந்துச்சு. அரிசி டிரம்முல போட்டது நான். பந்தியில சொன்னது தப்பு. உங்க அப்பாகிட்டயும் வந்து சொல்றேன்."

மூச்சு மட்டும் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். இந்தக் காலத்தில் எல்லாம் ஸ்பீக்கர்தான். பரவாயில்லை, கேட்கட்டும். "நாளைக்கு உங்க அத்தைகூட நானும் வர்றேன்" என்றேன். கேள்வி மாதிரி வந்துவிட்டது.

"வாங்க மாமா. வாங்க." பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், என் மகளாகத்தான் இருக்கும், அழுவதையும் சண்டை போடுகிற மாதிரி அழுவாள். அவன் பேச்சை மாற்றினான், நல்லவன்தான், "மூணு கடைல முடியாதுன்னுட்டாங்கன்னு அத்தை சொன்னாங்களே. இப்ப யாருங்க மாமா செஞ்சது? மரை தெரிஞ்ச ஆளாட்ட இருக்குது. எந்தக் கடைங்க?"

"கடையில்லை."

"பேரச் சொல்லுங்க மாமா, எங்க கம்பெனி கேமரா ஒண்ணு கெடக்குது, குடுத்துட்டுப் போறேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் இல்லை. நாற்பத்து நாலு வருஷமாக இந்தா, ஏய், உங்கம்மா, உங்க அத்தை. பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கூப்பிட வேண்டிய தூரத்தில் அவள் இருந்ததுமில்லை.

"உங்க அத்தைதான்" என்றேன். "துளசிமணி."